தோணிக்குக் கீழே ஒரு கோடு

இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் என்றது திரை. வேதமாணிக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆகமொத்தம் நான்கு விநாடிப் படம். ஒரு தோணி, அதற்குக் கீழே கடலென்று ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ‘தோணித்துறை’ என்று பெயர். தூத்துக்குடியில் மீனை ஐஸில் போட்டு ஊர் ஊராய் அனுப்புகிற கம்பெனியின் லோகோ. அதை டிவிக்கு ஒன்று, செல்போனுக்கு நெட்டுவாக்கில் ஒன்று, கடை வாசல் பலகைக்கு ஒன்று என்று ஏழு அளவில் கம்ப்யூட்டர் அரைத்துக்கொண்டிருந்தது. நான்கு மணிக்குக் கம்பெனிக்காரர் ரொட்ரிகோ வீடியோவில் வருவார், பார்ப்பார், சரி என்பார், இல்லை என்றால் இல்லை என்பார். மணி இப்போது மூன்று இருபது. அதுவரை அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை என்று வேதமாணிக்கம் தீர்மானம் செய்திருந்தார். தீர்மானம் செய்த கையோடு பார்த்தார். நேராகத்தான் இருந்தது. நேராக இருந்ததுதான் தொந்தரவே, ஏனென்றால் அந்த அறையில் வேறு எதுவும் நேராக இல்லை. எதிரே ஜன்னல் கம்பி. பார்த்த இடத்தில் கம்பி உள்வாங்கி வளைந்தது, யாரோ விரலால் அமுக்குகிறமாதிரி. பார்வையை அடுத்த கம்பிக்கு மாற்றினால் முதல் கம்பி நிமிர்ந்துகொண்டது, அடுத்தது வளைந்தது. கதவு நிலையும் அப்படியே. காலண்டரும் அப்படியே, இன்று என்ன தேதி என்று பார்த்தால் இன்றைய கட்டம் மட்டும் இடுப்பு சிறுத்து நின்றது, நேற்றும் நாளையும் ஒழுங்காக இருந்தன. வடபழனியில் மூன்றாவது மாடி, கட்டடம் பழசு, கம்பி பழசு, காலண்டர் ஃபேன் காற்றில் சுருண்டிருக்கும். பத்து நாளாக ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் மனுஷன். காரணம் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்தான்.

கோட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. நல்ல காரணம். முன்னே வரைந்ததைத் திருத்தி, லோகோவின் கடைசி வடிவத்தைத் தஸ்லிமா போன வாரம் திங்கட்கிழமை வரைந்து கொடுத்தாள். ஆம்பூர்ப் பெண், இருபத்தாறு வயது. அவள் வரைவாள், வரைந்ததை இவர் அசைய வைப்பார், அதுதான் இந்த ஸ்டுடியோவில் ஏற்பாடு. கொடுத்துவிட்டு உறவில் ஒரு நிக்காஹ் என்று ஊருக்குப் போய்விட்டாள். புதன்கிழமை இவர் தோணியை நகர்த்திப் பார்த்தபோது தோணிக்குக் கீழே கோடு தொய்ந்தது. அடடே என்று முதலில் ரசிக்கக்கூடச் செய்தார். தோணி கனமான உருவம், கோடு மெல்லிசு, மேலே கனம் இருந்தால் கீழே இருப்பது தொய்வதாகக் கண் நினைத்துக்கொள்ளும். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அடிப்பாகம் வளைந்த எழுத்தை அளவுப்படி கோட்டில் உட்கார வைத்தால் மிதக்கும். ஒரு மயிரிழை கீழே இறக்கினால்தான் உட்கார்ந்ததாகத் தெரியும். வட்டத்தையும் சதுரத்தையும் ஒரே உயரத்தில் வைத்தால் வட்டம் குட்டையாகத் தெரியும். அளவில் சரியாக இருப்பது பார்வையில் சரியாக இருக்காது, அதனால் திரையில் ஓடும் எண்ணை நம்பாதீர்கள், உங்கள் கண்ணை நம்புங்கள் என்று இவரே பதினெட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறார், கொஞ்சம் கர்வமாகவே. ஆகவே கண்ணை நம்பினார். தோணிக்குக் கீழே கோட்டில் ஒரு புள்ளி வைத்து ஏழெட்டுப் பிக்சல் மேலே தூக்கினார். கோடு நேராயிற்று. தோணி அடுத்த ஃபிரேமுக்கு நகர்ந்தது, தொய்வும் கூடவே நகர்ந்தது. அங்கேயும் தூக்கினார். நான்கு விநாடிக்கு நூறு ஃபிரேம். புதன் மதியம் தொடங்கி வியாழன் சாயங்காலம் வரை தோணி போன இடமெல்லாம் பின்னாலேயே போய் நூறு ஃபிரேமிலும் கோட்டை நிமிர்த்தினார். கழுத்து பிடித்துக்கொண்டது. கோடு ஆணி அடித்தமாதிரி நின்றது. திருப்தியாக வீட்டுக்குப் போய்ப் பாத்ரூமில் கால் கழுவும்போது சுவரில் டைல்ஸ் சேர்கிற கோட்டைப் பார்த்தார். பார்த்த இடத்தில் தொய்ந்தது. டைல்ஸ் மேலே எந்தத் தோணியும் இல்லை.

முப்பத்தொரு நிமிடம். சரி, இப்போது என்ன கெட்டுப் போயிற்று, கம்ப்யூட்டர் அரைக்கிறதை நிறுத்து, வைத்த புள்ளியெல்லாம் அழி, தஸ்லிமா கொடுத்த கோட்டை அப்படியே அனுப்பு. அரை நிமிட வேலை. காலையிலிருந்து நான்கு தரம் அந்த அரை நிமிட வேலைக்குக் கையைக் கொண்டு போனார். அழித்துவிட்டால் கோடு தொய்ந்து தெரியும். தொய்ந்து தெரிகிறதை நேர் என்று அனுப்ப வேண்டும். அனுப்பினால் கண் பொய் சொல்கிறது என்று ஆகிவிடும். கண் பொய் சொல்கிறது என்று இவராகவே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கணக்கு. அழிக்காவிட்டால்? அழிக்காவிட்டால் ஒருவேளை கண் சரியாக இருக்கலாம். ஏழெட்டுப் பிக்சல் என்பதுதான் இடிக்கிறது. கண்ணுக்காகத் திருத்துகிறபோது இரண்டு தூக்குவார்கள், மிஞ்சிப்போனால் மூன்று. ஏழெட்டு யாரும் தூக்கியதில்லை. ஆனால் இப்படி ஒரு கனமான தோணியையும் யாரும் வரைந்ததில்லையே. பெரிய தோணி. பாரம் ஏற்றுகிற தோணி. பார், மறுபடியும் காரணம். சவம், இந்த மூளைக்கு வேறு வேலையே கிடையாது. நிறுத்தவா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது அளவு முடிந்து நான்காவது தொடங்கியது. எந்திரத்துக்கு இந்தச் சஞ்சலமெல்லாம் இல்லை. நீளமாய் ஒரு பச்சைப் பட்டை, கொஞ்சம் கொஞ்சமாய் நிறைகிறது. அதன் ஓரமும் நடுவில் சிறுத்துத்தான் இருந்தது.

தோணியை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் தோணி நன்றாக வந்திருந்தது. அதிலும் சண்டை இல்லாமல் இல்லை. முதலில் தோணியை இடமிருந்து வலமாக விட்டிருந்தார். ரொட்ரிகோ போனிலேயே பாய்ந்துவிட்டார். “சார், கரைய விட்டுல்லா போகுது! போற தோணியப் பாத்து வீட்டுல அழுவாக. வார தோணிக்குத்தான் உலை வைப்பாக. எனக்கு வரணும்.” சரிதான், வரட்டும், ஆனால் வலமிருந்து இடமாக வந்தால் படிக்கிற கண்ணோடு மோதுமே. பெயரை இடமிருந்து படிக்கப் போகிறவன் தோணியை எதிரே சந்திப்பான், இரண்டையும் விட்டுவிடுவான். படமும் பெயரும் சேர்ந்த லோகோவில் இதுதான் தலைவலி. படம் முந்தினால் பெயரை யாரும் பார்க்க மாட்டார்கள், பெயர் முந்தினால் படம் ஒட்டவைத்த ஸ்டிக்கர். தோணி கடக்கக் கடக்க ஒவ்வோர் எழுத்தாக முளைக்கட்டும் என்று செய்து பார்த்தால் பெயர் கடைசி எழுத்திலிருந்து பின்பக்கமாக முளைத்தது. முதலாளி கோதண்டம் அதைப் பார்த்துவிட்டு, “என்ன மாணிக்கம் சார், மந்திரவாதி வேலை மாதிரி இருக்கே” என்று சிரித்தார். அப்புறம்தான் பிடிபட்டது. பெயர் முதலிலிருந்தே கோட்டுக்குக் கீழே இருக்கட்டும், தண்ணீருக்குள் இருக்கிறமாதிரி மங்கலாக. தோணி வந்து நிற்கட்டும். நின்ற நொடியில் பெயர் தெளியட்டும். தோணி வந்ததால் பெயர் தெளிந்ததா, பெயர் இருந்ததால் தோணி நின்றதா, பார்க்கிறவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடித்த அன்று, மூன்று வாரத்துக்கு முன்னால், கடைக்குப் போய்த் தனியாக ஒரு மெதுவடை வாங்கித் தின்றார். அன்றைக்குக் கம்பியெல்லாம் நேராகத்தான் இருந்தது. வடை சுற்றி வந்த பேப்பரில் இருந்த வரி விளம்பரம் முழுக்கப் படித்தார், வாடகைக்கு இரண்டு படுக்கையறை, சைவர்கள் மட்டும்.

இடது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாமே என்று யாராவது கேட்கலாம். கேட்க ஆள் இல்லை, ஆபீஸில் யாருக்கும் தெரியாது. இடது கண் பேருக்குத்தான் கண். பிறந்ததிலிருந்து மாறுகண். பாளையங்கோட்டை டாக்டர் நல்ல கண்ணை மூடிக் கட்டுங்கள், அப்போதுதான் கெட்ட கண் வேலை கற்றுக்கொள்ளும் என்றார். அம்மா கட்டிவிட்டாள். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முழுக்க ஒத்தைக்கண்ணா ஒத்தைக்கண்ணா என்று பின்னாலேயே வந்தது. தெருமுனை தாண்டியதும் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொள்வார், சாயங்காலம் எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் போவார். அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு வருஷம் கழித்து. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. பெரியவனானதும் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக நிறுத்தினார்கள், பார்வையை நிறுத்த முடியவில்லை. அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் வருகிறது என்று தெரியும், யார் என்று தெரியாது. ஆக நாற்பத்தாறு வருஷமாக எல்லாம் வலது கண்தான். வரைந்தது அது, படித்தது அது, பெண் பார்க்கப் போனபோது பியூலாவைப் பார்த்ததும் அது. பியூலாவிடம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். “ஒண்ணு போதும், ஒழுங்காப் பாத்தாச் சரி” என்றாள் அவள். அந்தப் பியூலாவின் முகம்தான் போன வாரம் அடுப்படியில் காப்பி தம்ளரோடு திரும்பியபோது ஒரு பக்கம் உள்ளே வாங்கியது. மூக்கு கோணி, ஒரு கண் சின்னதாகி, யாரோ மாதிரி. பயந்து பார்வையைக் காதுக்கு மாற்றினார். மாற்றியதும் முகம் பியூலாவாகிவிட்டது. அன்றிலிருந்து காதைப் பார்த்தே பேசுகிறார். அவளும் கவனித்துவிட்டாள். “என்னத்த அப்பிடி பாக்கிய?” என்று கேட்டுக் காதைத் தொட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் பீரோவில் கிடந்த ஜிமிக்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றாள், பன்னிரண்டு வருஷமாகப் போடாத ஜிமிக்கி. நல்லா இருக்கா என்று கேட்கவில்லை, சும்மா நின்றாள். நல்லா இருக்கு என்றார். ஜிமிக்கி நேராக ஆடியது, அவள் முகம் அதற்குப் பக்கத்தில் எங்கோ சிரித்துக்கொண்டிருந்தது, சிரிப்பைப் பார்க்கப் போனால் அது கோணிவிடும் என்று இவர் ஜிமிக்கியோடு நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் ஜிமிக்கியைக் கழற்றியிருப்பாள்.

பத்தொன்பது நிமிடம். கண் இல்லாமல் செய்கிற வேலை என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பாட்டுச் சொல்லித் தரலாம், பாட்டு வராது. சண்டே ஸ்கூலில் கதை சொல்லலாம், அதற்குச் சபையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். டாக்டரிடம் போனால் ஒருவேளை சின்ன விஷயமாக இருக்கும், சொட்டு மருந்து, இரண்டு வாரம், சரி. அதுவும் நடக்கக்கூடியதுதானே. ஆனால் போனால்தான் தெரியும், தெரிந்தால்தான் ஒன்று அல்லது மற்றொன்று ஆகும், இப்போது இரண்டும் இருக்கிறது. கட்டத்தாள் ஒன்றைக் காட்டி நடுப்புள்ளியைப் பாருங்கள் என்பார்களாம். காலண்டரைப் பார்த்தார். பார்க்காதே என்று பார்வையைத் தரைக்கு இறக்கினார். தரையிலும் கோடு கோடாகத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இத்தனை நேர்கோடு எதற்கு என்று எரிச்சலாக வந்தது. நாசரேத்தில் எங்கே பார்த்தாலும் பனைமரம், ஒன்றாவது நேராக இருந்ததா? அங்கே உட்கார்ந்திருந்தால் கண் கெட்டுப் போனதே தெரிந்திருக்காது.

“சார், டீ.” தஸ்லிமா. நிக்காஹ் முடிந்து காலையில்தான் வந்திருந்தாள், கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. டீயை வைத்துவிட்டு நின்றாள். “முடிஞ்சிருச்சா சார்? நான் இன்னும் பாக்கவே இல்ல. எனக்குக் காட்டாமயே அனுப்பிடாதீங்க.” காட்டுகிறேன் என்றால் காட்டிவிடலாம். இந்தக் கோடு நேரா இருக்காம்மா என்று ஒரு வார்த்தை. அவள் கண் இரண்டும் நல்ல கண். இருக்கு சார் என்பாள், அல்லது என்ன சார் இது என்பாள். நாக்கு வரை வந்தது. “நாலு மணிக்கு எல்லாரும் சேர்ந்தே பார்ப்போம்” என்றார். “என்ன சார், டல்லா இருக்கீங்க?” “ஒண்ணுமில்ல, கழுத்து வலி.” இதைச் சொல்லும்போது அவள் காதோரமாகப் பார்த்துச் சொன்னார். அவள் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் இவரைப் பார்த்தாள், ஒரு விநாடி அதிகமாகவே பார்த்தாள். “டீ ஆறிடும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினார், விளிம்பு கோணியிருந்தது, சூடு மட்டும் சரியாக இருந்தது. பாதி குடித்தார், மீதி ஆறிப்போயிற்று. பட்டை நிறைந்துவிட்டது. ஏழு அளவும் முடிந்தது என்று திரை மணியடித்தது, இனி அழிக்க நேரம் இல்லை என்பதில் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி கூட இருந்தது.

கோதண்டத்தின் அறையில் சுவரில் பெரிய டிவி. ஒரு மூலையில் ரொட்ரிகோவின் முகம், அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகள், யாரோ மீன் கூடை இழுக்கிற சத்தம். கோதண்டம் கைகளைத் தேய்த்துக்கொண்டார். தஸ்லிமா சுவரோரமாக நின்றாள். வேதமாணிக்கம் பொத்தானை அழுத்தினார். வலது பக்கத்திலிருந்து தோணி வந்தது. கோடு நேராக இருந்தது. தோணி நின்றது, பெயர் தெளிந்தது. நான்கு விநாடி. “இன்னொருக்கப் போடுங்க” என்றார் ரொட்ரிகோ. போட்டார். “இன்னொருக்க.” மூன்றாவது தரம் முடிந்ததும் ரொட்ரிகோ முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யாரு சார் செஞ்சது இத? கடல எல்லாவனும் கோடாத்தான் போடுதான். நீங்க தூக்க விட்டுருக்கியளே! தோணி வர வர அடியில தண்ணி நெஞ்சத் தூக்குது பாருங்க, அப்பிடித்தான் தூக்கும். சின்னப்புள்ளயில எங்கப்பா கூடப் போயிருக்கேன், அந்தத் தூக்கு இங்கன தெரியும்” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“எங்க மாணிக்கம் சாரோட கை அது” என்றார் கோதண்டம், தானே தூக்கிவிட்டவர்மாதிரி.

“நான் நேர்கோடுதானே சார் குடுத்துட்டுப் போனேன்” என்று தஸ்லிமா ஆச்சரியப்பட்டாள். “இந்த அலை செமையா இருக்கு.”

அலை. வேதமாணிக்கம் டிவியைப் பார்த்தார். நேரான கோடு. டாக்டர் சொல்ல வேண்டியதைத் தூத்துக்குடி மீன் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார், அதுவும் கண் கலங்கி, பாராட்டாக. அவருக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: பெருமையாக இருந்தது. அரை விநாடி. பதினெட்டு வருஷத்தில் யாரும் இவர் வேலையைப் பார்த்து வயிற்றைத் தொட்டுக் காட்டியதில்லை. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது, சில்லென்று, கால் வழியாக. பேசாமல் இருந்துவிடலாம். ஆமாம் சார், கடல் எங்கே சார் நேராக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த அறை கைதட்டும். அப்புறம் எண்ணைப் பார்த்து, எண்ணைப் பார்த்து ஓட்டலாம், கொஞ்ச நாள்.

“கடைசியில கரையத் தொடும்போது மட்டும் இன்னுங் கொஞ்சம் தூக்கட்டுமே” என்றார் ரொட்ரிகோ. “அதுக்கென்ன, இப்பவே” என்று கோதண்டம் மவுஸை இவர் பக்கம் தள்ளினார். வேதமாணிக்கம் எட்டு என்று இருந்த எண்ணைப் பன்னிரண்டாக்கினார். “இன்னும்” என்றார் ரொட்ரிகோ. பதினைந்து. “இன்னும், இன்னும்.” இருபது. “போதும் போதும், கவுந்துரும்!” எல்லோரும் சிரித்தார்கள். பதினாறுக்கு இறக்கினார். இவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்து எண்ணை ஏற்றினார், இறக்கினார், தெருவைக் கடக்க யாரோ முழங்கையைப் பிடித்து அழைத்துப் போகிறமாதிரி இருந்தது. “சரியா இருக்கான்னு எங்களக் கேக்காதீங்க சார்” என்று கோதண்டம் தோளில் தட்டினார். “நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்க கண்ணு சரின்னா சரி.”

வேதமாணிக்கம் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“எனக்கு அந்த அலை தெரியல” என்றார்.

“பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று கோதண்டம் டிவியைப் பார்த்துச் சிரித்தார். “இன்னும் திருப்தி வரல அவருக்கு. இவர வச்சுக்கிட்டு நான் படுற பாடு!” ரொட்ரிகோவும் சிரித்தார், வேலைக்காரன்னா அப்பிடித்தான் இருக்கணும் என்றார், ஊருக்கு வாங்க சார், கடல்ல கூட்டிட்டுப் போறேன் என்று கும்பிட்டுவிட்டு மறைந்தார். கோதண்டம் போனில் யாரிடமோ இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வெளியே போனார். டிவியில் தோணி மறுபடியும் மறுபடியும் வந்து நின்றுகொண்டிருந்தது. தஸ்லிமா சிரிக்கவில்லை. சுவரோரத்திலிருந்து வந்து டிவியை அணைத்தாள், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்தக் கண்ணு சார்?”

“இருக்கிறதே ஒண்ணுதாம்மா” என்றார் வேதமாணிக்கம்.